‘நமுத்த வெடி’ வந்துவிட்டது, அண்ணே

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

பிரியமுள்ள என்று எழுதிவிட்டு அதை அடிக்கலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்துவிட்டுப் போகட்டும். பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் இது பிரியமாகப் பேசுகிற கடிதம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் ஆல்பம் வந்துவிட்டது. ஒன்பது பாட்டு. கருந்திரி இசைக்குழுவின் ஐந்தாவது ஆல்பம். நீ இல்லாமல் வந்த முதல் ஆல்பம். பேர் மட்டும் நீ வைத்தது, ‘நமுத்த வெடி’. இந்தப் பேர் வேண்டாம், கேலி பண்ணுகிறவர்களுக்கு நாமே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகும் என்று அன்றைக்கே சொன்னேன். நீ கேட்கவில்லை. இப்போது பார். “பேருக்கு ஏத்த மாதிரி நமுத்துத்தான் போச்சு” என்று ஊரில் எழுதாத ஆள் இல்லை. எழுதுகிற ஒவ்வொருத்தரும் தான்தான் அதை முதலில் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் நம் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ ஜெயபால். நம் சிவகாசியில் அச்சுத்தொழில் படிக்கச் சேர்ந்து, படிப்பை விட்டுவிட்டு, ராக் பாடினவன். கிதாருக்கு ஸ்டீபன். டிரம்ஸுக்கு அபு. விருதுநகரில் அபுவின் அத்தாவுக்குச் சொந்தமான, மிளகாய் வத்தலை மூட்டை மூட்டையாக அடுக்குகிற கிட்டங்கிதான் உங்களுக்கு ஒத்திகை இடம். மூட்டைக்கு நடுவே நின்று பாடி, நெடி ஏறி, நீ இருமின இருமல், வெடிக்கு மருந்து கலக்கிற அறையைப் பற்றின ‘மருந்து ரூம்’ பாட்டின் ஆரம்பத்தில் அப்படியே பதிவாகிவிட்டது. இருபது வருசமாக உன் ரசிகர்கள் அந்தப் பாட்டைப் பாடும்போது அந்த இருமலையும் சேர்த்துத்தான் பாடுகிறார்கள்.

நான் கனகவல்லி. உன் தங்கச்சி. காலண்டர் அடிக்கிற கம்பெனியில் டிசைன் செக்‌ஷனில் இருக்கிறேன். உன் நாலு ஆல்பத்திலும் பின்குரல் பாடியிருக்கிறேன். அட்டையில் ‘உதவி: கனகா’ என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்த அட்டையை வடிவமைத்ததும் நான்தான் என்பதால், அந்த எழுத்தை அந்த அளவில் வைத்ததும் நான்தான். நீ சொன்ன அளவு.

இப்போது நீ சொல்லக்கூடாது என்று சொன்னதைச் சொல்லப்போகிறேன்.

கடைசி இரண்டு வருசம் உனக்குக் குரல் இல்லை. தொண்டையில் வந்த புற்றுக்காக மதுரையில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு. அதன்மேல் மெல்லிசாக ஒரு துணி. பேச வேண்டியதையெல்லாம் போனில் தட்டிக் காட்டினாய். ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகிறதுக்கு முன்னால், குரல் இருக்கும்போதே, என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது ஒன்றே ஒன்று: “ஒருத்தனுக்கும் தெரியக்கூடாது கனகு.” அம்மாவைப் பார்த்துக்கொள் என்று சொல்வாய் என்று நினைத்தேன்.

நம் தெருவுக்கே தெரியும். ஆனால் நம் தெருவில் ஒருத்தர்கூட உன் பாட்டைக் கேட்டவர் இல்லை, அதனால் சேதி வெளியே போகவில்லை. குழுவின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஸ்டீபன் ‘அண்ணன் ஓய்வில் இருக்கிறார்’ என்று போட்டான். நீ போன அன்றைக்கும் ‘உடல்நலக் குறைவால்’ என்றுதான் போட்டான். வாசலில் ரசிகர்கள் வந்து நின்றபோது, உன் கழுத்தில் இருந்த அந்த இடம் தெரியாத மாதிரி மாலையை இழுத்து விட்டது நான். உன் கையெழுத்தைத் தன் கையில் பச்சை குத்தியிருக்கிற பிரபு, உனக்காகவே யூடியூப்பில் சேனல் நடத்துகிறானே, அவன் உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. மாலை நகர்ந்துவிடக் கூடாதே என்கிற கவலைதான் இருந்தது.

அந்த இரண்டு வருசமும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நாம் என்ன செய்தோம் என்பது ஸ்டீபனுக்கும் அபுவுக்கும் மட்டும் தெரியும். நீ கட்டிலில் சாய்ந்துகொண்டு மடியில் சின்ன கீபோர்டை வைத்து ஒரு மெட்டை வாசிப்பாய். நான் பாட வேண்டும். பிசகினால் கட்டில் சட்டத்தில் மோதிரக் கையால் ஒரு தட்டு. மறுபடியும் முதலிலிருந்து. வாரம் முழுக்க சீசன் வேலை பார்த்துவிட்டு வந்த கழுத்துக்கு அது எம்புட்டு வலி என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. நன்றாகப் பாடினால் தலையாட்டக் கூட மாட்டாய், அடுத்த வரிக்குப் போய்விடுவாய்.

ஒரு ஞாயிறு, நீ வாசிக்கிறதுக்கு முன்னால் நானே ஒரு மெட்டைப் பாடிக் காட்டினேன். மூன்று தடவை பாடச் சொல்லிக் கைகாட்டினாய். பிறகு போனில் தட்டினாய், “யாருது?” என்னுடையது என்றேன்.  பிறகு தட்டினாய், “வச்சுக்கோ.” அப்படி வைத்துக்கொண்டதுதான் இந்த ஆல்பத்தில் ஐந்து பாட்டு. உன்னுடையது நாலு. வரிகளும் அப்படியே, அவரவர் மெட்டுக்கு அவரவர் எழுதினது.

ஆல்பத்தை நான்தான் பாடப் போகிறேன் என்று முடிவானதும் உன்னிடம் கேட்டேன், குழுவின் பக்கத்தில் ஒரு வரி போடு என்று. ‘இனிமேல் என் தங்கச்சி பாடுவாள்.’ அவ்வளவுதான். குரல் போன சேதியைக்கூடச் சொல்ல வேண்டாம், இதை மட்டும் உன் பேரில் போடு என்றேன். “அப்புறம்” என்று தட்டினாய். அடுத்த மாதம் கேட்டேன், “அப்புறம்.” கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்க்கிறதுக்கு முன்னாடியும் கேட்டேன். அன்றைக்கு அதைக்கூடத் தட்டவில்லை. போனை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாய்.

என் கோபம் இந்த இடத்தில்தான் இருக்கிறது, அண்ணே. ஊர்க்காரர்கள் மேல் இருப்பதெல்லாம் அப்புறம்.

நீ போன மறுவருசம், விட்ட இடத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பதிவு பண்ணி முடித்தோம். ஆடியில் வெளியிட்டோம். என் கம்பெனியில் ‘எங்க ஆல்பம் வந்திருக்கு’ என்று சொன்னேன். நம் ஊரில் ஆல்பம் என்றால் அடுத்த வருசக் காலண்டர் மாதிரிகளைக் கோத்த புத்தகம்தானே. “எத்தனை டிசைன் போட்டிருக்கீக?” என்று கேட்டார்கள். பாட்டு என்று சொன்னதும் ஒருத்தி போனில் போட்டுக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, “சத்தமா இருக்குக்கா” என்றாள். இந்த இரண்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த மரியாதையான விமர்சனம் அதுதான்.

மற்றதெல்லாம் வேறு மாதிரி. பிணம் ஆறுவதற்குள் தங்கச்சி மைக்கைப் பிடித்துவிட்டாள் என்றார்கள். அட்டையில் உன் படம் எங்கே என்றார்கள். கருந்திரி என்கிற பேரை விட்டுவிட்டு வேறு பேரில் பஜனை பாடச் சொன்னார்கள். என் வயசு, என் சேலை, என் பல் எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள். சென்னையில் ஒரு பத்திரிகை பாராட்டி எழுதியிருந்தது. பெண் குரலின் எழுச்சியாம். அவர்கள் சொன்ன பாட்டு ஆல்பத்திலேயே கிடையாது. வைதவர்களாவது முழுசாகக் கேட்டுவிட்டு வைதார்கள்.

பிரபு தன் சேனலில் ஒவ்வொரு பாட்டாக நிறுத்தி நிறுத்திப் பேசினான். மூன்றாவது பாட்டு ‘அடுத்த வருசம்’ வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இந்த ஒரு பாட்டில்தான் அண்ணனின் மூச்சு இருக்கிறது என்றான். தான் பார்க்கப்போகாத ஒரு வருசத்துக்கு அண்ணன் விடை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், இதை எழுத வேறு யாராலும் முடியாது என்றான். ஆறாவது பாட்டு ‘வேன் வருது’ வந்ததும் முகத்தைச் சுளித்தான். சோப்பு விளம்பரத்துக்குப் போடுகிற மெட்டு, அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் இதைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பார், இதைப் பாடுவதற்கு அந்த அக்காவுக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டான். அதற்குக் கீழே அத்தனை பேரும் ஆமாம் போட்டிருந்தார்கள்.

‘அடுத்த வருசம்’ என்னுடையது. ஆடி பிறக்கிறதுக்கு முன்னால் அடுத்த வருசத்துத் தேதியை எல்லாம் போட்டு முடித்துவிட்டு, நடக்கிற வருசத்தில் இன்னும் பாதி பாக்கி கிடக்கிறதே என்று எரிச்சல்பட்டு, கம்பெனிக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து எழுதினது. அதில் சாவு கிடையாது. வேலை அலுப்பு மட்டும்தான் இருக்கிறது.

‘வேன் வருது’ உன்னுடையது. கடைசி மெட்டு. விடிகிற நேரத்தில் வேலைக்கு ஆள் ஏற்ற வருகிற பட்டாசுக் கம்பெனி வேன்கள் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறதை நீ படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்து போட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிறதுக்கு முந்தின வாரம் அது. கிதார் கத்தக்கூடாது, கைத்தட்டல் போதும், வேனில் தூங்கி வழிகிறவர்களை எழுப்பக்கூடாது என்று நீ தட்டிக் காட்டினதை ஸ்டீபன் சிரமப்பட்டு ஒத்துக்கொண்டான். இருபது வருசமாகக் கத்திப் பாடினவன், குரல் போனதுக்கு அப்புறம், யாரையும் எழுப்பிவிடாத பாட்டு ஒன்று போட்டாய். அதைத்தான் உன் ரசிகர்கள் குப்பை என்கிறார்கள். உன் பேரால்.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் ரொம்ப நேரம் சிரிக்க முடியவில்லை.

விருதுநகரில் ஒரு மண்டபத்தில் ஞாயிறு சாயந்திரம் நிகழ்ச்சி வைத்தோம். கூட்டம் நிறையத்தான் வந்தது. திட்டினவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், சட்டையில் உன் முகத்தோடு. முதல் இரண்டு பாட்டுக்கு ஒருத்தரும் கை தட்டவில்லை. மூன்றாவதற்கு, உன் பாட்டு என்று நினைத்துக்கொண்டு, அப்படித் தட்டினார்கள். நாலாவது ஆரம்பித்ததும் பின்வரிசையில் ‘மருந்து ரூம்’ என்று ஒருத்தன் கத்தினான். அப்புறம் மண்டபமே கத்தியது. தண்ணீர்ப் பாட்டில் ஒன்று வந்து அபுவின் டிரம்மில் பட்டுத் தெறித்தது.

பழைய பாட்டு எதையும் பாட மாட்டேன் என்று ஒத்திகையிலேயே சொல்லியிருந்தேன். அது உன் குரலுக்குப் பிறந்த பாட்டு, நான் பாடினால் உன்னைப் போல வேசம் கட்டின மாதிரி இருக்கும். ஸ்டீபனும் சரி என்றான். ஆனால் அன்றைக்கு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ‘மருந்து ரூம்’ கிதார் துண்டை வாசிக்க ஆரம்பித்துவிட்டான். நான் மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர்களே பாடினார்கள், அண்ணே. இருமலில் ஆரம்பித்துக் கடைசி வரி வரைக்கும். நீ மூச்சு வாங்குகிற இடத்தில் அவர்களும் மூச்சு வாங்கினார்கள். நன்றாக இருந்தது. நான் வெறுத்து நின்ற அந்த இடத்தில் நின்றுகொண்டு கேட்க, அவ்வளவு நன்றாக இருந்தது. அதற்காகவும் அவர்களை மன்னிக்கவில்லை.

முடிந்ததும் மைக்கை எடுத்து, “ஆச்சா? இனி என் பாட்டு. கேக்க முடியாதவுக போகலாம்” என்றேன். பாதி மண்டபம் எழுந்து போனது. நாற்காலிகள் இழுபடுகிற சத்தம் அடங்குகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, ‘வேன் வருது’ பாடினேன். அபு குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே தட்டினான். மீதி இருந்தவர்கள் அமைதியாகக் கேட்டார்கள். பிடித்துக் கேட்டார்களா, எழுந்து போகக் கூச்சப்பட்டுக் கேட்டார்களா, எனக்குத் தெரியாது.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கும்போது பிரபு மேடைக்கு வந்தான். நல்ல பையன்தான், குரலை உயர்த்தவில்லை.

“அக்கா, தப்பா நினைக்காதீக. நெஞ்சுல கைய வச்சுச் சொல்லுங்க. அந்த வேன் பாட்டை அண்ணன் ஒத்துக்கிட்டிருப்பாரா?”

அபு வாயைத் திறந்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அது உன் பாட்டு என்று சொன்னால், பிறகு அண்ணன் ஏன் பாடவில்லை என்றுதான் அடுத்துக் கேட்பான். நீ சொல்லாதே என்றதுக்காக, உன் பாட்டை என் முகத்துக்கு நேராகக் குப்பை என்கிற ஆளுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். “தெரியலப்பா” என்றேன். அவன் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனான்.

ஸ்டீபன் வண்டிப் பக்கம் வந்து சமாதானம் பேசினான். கூட்டம் கையை விட்டுப் போனதால்தான் வாசித்தானாம். பிறகு இன்னொன்று சொன்னான். அண்ணன் குரல் போன கதையைச் சொல்லிவிடலாம், கண்ணீர் விடுகிற மாதிரி ஒரு வீடியோ போடலாம், அம்புட்டுப் பேரும் வாயை மூடிக்கொண்டு ஆல்பத்தைக் கொண்டாடுவார்கள் என்றான். உன் கழுத்தில் இருந்த துளையை வைத்து என் பாட்டை விற்கச் சொல்கிறான். அன்றிலிருந்து அவனோடு நான் பேசவில்லை. நடுவில் அபுதான் இரண்டு பக்கமும் போன் பண்ணிக்கொண்டிருக்கிறான், பாவம்.

மறுநாள் காலையில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். உன் பாட்டு எதுவும் அவளுக்குப் பிடித்ததில்லை, உனக்கே தெரியும். கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

“அவன் சொல்லாதேன்னான், சரி. அவன் போய்ச் சேர்ந்துட்டான். பேச முடியாமப் போனது அவனுக்கு. உனக்கு என்ன வந்துச்சு?”

 அதனால்தான் இந்தக் கடிதம். ஸ்டீபன் சொன்ன வீடியோவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்கலாம். அவன் அவர்களைச் சமாதானப்படுத்தச் சொல்லச் சொன்னான். நான் யாரையும் சமாதானப்படுத்த வரவில்லை.

இதைப் படித்த மறுநாளே ‘வேன் வருது’ பாட்டில் ஆழம் தெரிய ஆரம்பிக்கும், பார். அந்தக் கைத்தட்டலில் அண்ணனின் இதயத்துடிப்பு கேட்கிறது என்று யாராவது எழுதுவார்கள். ‘அடுத்த வருசம்’ முதல் தடவை கேட்டபோதே கொஞ்சம் இடித்தது என்பார்கள். பிரபு என்ன செய்வான் என்று தெரியவில்லை. அவன் அழுதது என் மெட்டுக்குத்தான். அந்த அழுகையை அவன் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. அது ஒன்று எனக்குக் கிடைத்தது.

நீ இதைக் கேட்டால் கோபப்படுவாய். படு. குரல் இல்லாத ஜெயபாலை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று இருந்தாயே, அந்த ஜெயபாலைத்தான் நான் அதிகம் பார்த்தேன். கத்திப் பாடினவனை ஊர் பார்த்தது. மெட்டுச் சரியாக வரும்வரை விடாமல், மூச்சுத் துளையைத் துடைத்துத் துடைத்து வாசித்தவனை நான் மட்டும் பார்த்தேன். அவன் என்ன கேவலமாகவா இருந்தான்? எதற்காக அவனை ஒளித்து வைத்தாய்? என் தொண்டையைக் கொஞ்ச காலத்துக்கு இரவல் வாங்கினாயா, இல்லை உன் இடத்தை எனக்கே கொடுத்தாயா? அந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். ‘வச்சுக்கோ’ என்று தட்டினாயே, எதைச் சொன்னாய்? அந்த ஒரு மெட்டை மட்டுமா?

வீட்டுச் சேதி சொல்கிறேன். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக்குக் கூட்டிப்போனேன். மாரியம்மனிடம் என்ன கேட்டாய் என்றால் சொல்ல மாட்டேன் என்கிறாள். உன் கட்டிலை இன்னும் பிரிக்கவில்லை. கீபோர்டு என்னிடம்தான் இருக்கிறது, ஒரு கட்டை வேலை செய்யவில்லை. கம்பெனியில் சீசன் நெருக்குகிறது, ஆர்டர் குவிந்து கிடக்கிறது. சாத்தூரில் ஒரு நிகழ்ச்சிக்குக் கேட்டிருக்கிறார்கள். ஸ்டீபன் வருவானா தெரியவில்லை. அவன் வராவிட்டால் நானும் அபுவுமாகப் போவோம். அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணே. சாத்தூரிலும், அதற்கப்புறம் கூப்பிடுகிற எல்லா ஊரிலும், ஒன்பது பாட்டையும் பாடுவேன். எது உன்னுடையது, எது என்னுடையது என்று மேடையில் சொல்ல மாட்டேன். தண்ணீர்ப் பாட்டில் எறிந்தாலும் பாடுவேன், கை தட்டினாலும் பாடுவேன்.

இன்னொன்றும் உண்டு. நீ போனதிலிருந்து உன் குரலை நான் போட்டுக் கேட்கவில்லை. அந்த மண்டபத்தில் அவர்கள் பாடிக் கேட்டதோடு சரி. கோபம் இருக்கும்போது அதைக் கேட்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன். என்றைக்காவது தீரும். அன்றைக்கு அம்மா கோயிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு, நாலு ஆல்பத்தையும் முதலிலிருந்து கேட்கிறேன். அழ வேண்டியது அம்புட்டும் பாக்கி இருக்கிறது. அழுதுவிடுகிறேன். இன்றைக்கு இல்லை.

உன் கூடப்பிறந்தவள், கருந்திரியின் பாடகி,
கனகவல்லி